வேலியைக் கண்டவர், வேலியிட்டவரைக் கண்டாரா?

ஆங்கில நாட்டைக் கண்டு திரும்பும் அன்பர்கள் ஆளுக்கொரு கட்டுரை தீட்டுகின்றனர். தேம்ஸ் ஆற்றங்கரையிலே உலவியது, மணிக்கூண்டைக் கண்டு மலைத்தது, நகரைத் தாண்டியதும் பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற புல்வெளி, அதைக் கட்டங்கட்டமாகப் பிரித்து நிற்கும் உயிர்வேலி, வேலிக்கப்பால் வெண்பஞ்சுப் பொதிபோல் மேயும் ஆடுகள் — படிக்கும்போதே குளிர்காற்று வீசுகிறது! எங்கள் திருபுவனைப் பக்கம் இங்கிலாந்தைவிடப் பிரான்சு நாட்டின் பெயரே அடிக்கடி காதில் விழும். 1954 வரை பிரெஞ்சுக்காரர் ஆண்ட மண்ணல்லவா? பாரிசிலிருந்து விடுமுறைக்கு வருவோர் பாடுவதும் அதே பல்லவிதான். "அங்கே குப்பையில்லை, கூச்சலில்லை, எங்கும் பசுமை. அது அவர்களுடைய பண்பு ஐயா! நம்மவருக்கு எப்போது வரப்போகிறது?"

நாம் இங்கிலாந்து சென்றதில்லை. சென்றவர் எழுதியதைப் படித்தவர்கள்தான். ஆனால், அந்தப் 'பண்பு' என்னும் சொல்லைத் தாண்டிச் செல்ல நம் மனம் மறுக்கிறது. வெள்ளையனுக்குத் தூய்மை பிறவிக்குணம், நமக்கு அழுக்கு பிறவிக்குணம் என்றால், அது எந்தக் கொள்கை? பிறப்பிலே குணம், குணத்திற்கேற்ற நிலை — மனு எழுதி வைத்த அதே கொள்கையன்றோ! பூணூல் அணிந்து நின்றது, இப்போது கால்சட்டை மாட்டிக்கொண்டு கப்பலிலிருந்து இறங்குகிறது; அவ்வளவுதான் வேற்றுமை.

இன்னொரு கூட்டம் உண்டு. "அவர்களிடம் பொருள் இருக்கிறது, நம்மிடம் அருள் இருக்கிறது" என்று உதட்டைப் பிதுக்கும் கூட்டம். கடல் கடந்தால் சாதி கெடும் என்று சாத்திரம் பேசியவர்கள் இவர்கள். கணித மேதை இராமானுசம் 1914-இல் கேம்பிரிட்ஜ் புறப்படுமுன் அந்தச் சாத்திரத்துக்கு அஞ்சி எவ்வளவு தயங்கினார் என்பது உலகறிந்த செய்தி. இன்று விசா வாங்க நிற்கும் வரிசையில் அந்தச் சாத்திரத்தை யாரும் கையில் வைத்திருக்கக் காணோம். அவர்களை விட்டுவிடுவோம்.

லண்டன் மாநகரின் சோகோ பகுதியில் பிராட்விக் தெரு என்று ஒன்று உண்டு. அங்கே கைப்பிடியில்லாத தண்ணீர்ப் பம்பு ஒன்றை நினைவுச் சின்னமாக வைத்திருக்கிறார்கள். அரண்மனையை வருணிக்க ஆறு பக்கம் செலவிடும் பயணியர் பலர் இதை எட்டியும் பார்ப்பதில்லை. 1854-இல் அந்த வட்டாரத்தில் வாந்திபேதி வந்து அறுநூறு பேருக்கு மேல் மாண்டனர். ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் வீடு வீடாகச் சென்று, யார் இறந்தார், எந்தத் தண்ணீரைக் குடித்தார் என்று கேட்டுக் கணக்கெடுத்தார். இறந்தோர் அனைவரும் பெரும்பாலும் ஒரே பம்பின் தண்ணீரைக் குடித்தவர்கள்! கைப்பிடியைக் கழற்றச் செய்தார். அம்மனுக்குக் கூழ் ஊற்றவில்லை, வேப்பிலை கட்டவில்லை.

வெள்ளையர் நாட்டில் வேப்பிலைக்கு ஈடானது இல்லாமலில்லை. 1832-இல் வாந்திபேதி பரவியபோது நாடு முழுவதும் உண்ணாநோன்பிருந்து ஆண்டவனிடம் மன்னிப்புக் கேட்க அரசே நாள் குறித்தது. 1853-இல் ஸ்காத்லாந்துப் பாதிரிமார் மீண்டும் அத்தகைய நோன்பு நாளுக்குக் கோரிக்கை விடுத்தனர். உள்துறை அமைச்சராயிருந்த பாமர்ஸ்டன் மறுத்தார். முதலில் நகரின் அழுக்கை அகற்றுங்கள் என்றார். இருபத்தோராண்டு இடைவெளியில் ஒரு நாடு அடைந்த மாறுதல் இது! அதன் பிறகு 1858-ஆம் ஆண்டுக் கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் பாராளுமன்றத்தார் மூக்கையே துளைத்தது. பணம் ஒதுக்கினர், பேசல்கெட் என்னும் பொறியாளர் பாதாளச் சாக்கடை அமைத்தார். 1870-இல் திறக்கப்பட்ட விக்டோரியா கரைச்சாலையில் இன்று நம் பயணி காற்று வாங்குகிறாரே, அவர் காலடியில் ஓடுவது அந்தச் சாக்கடைதான். பண்பு என்றாரே, அதன் அடியில் ஒரு குழாய் இருக்கிறது!

லண்டன் சாக்கடையில் இறங்கியவனும் ஏழைதான், மறுக்கவில்லை. ஆயினும் அவன் பேரனும் அதில்தான் இறங்க வேண்டுமென்று அங்கே வேதம் விதிக்கவில்லை. இங்கோ, மனித மலத்தை மனிதரே அள்ளுவதைத் தடுக்க 1993-இலும் 2013-இலும் சட்டம் செய்த பின்னும், மலக்குழியில் மூச்சடைத்து மாண்டவர் செய்தி நாளேட்டில் வந்தவண்ணமிருக்கிறது. மாண்டவர் எந்தத் தெருக்காரர் என்று கேட்கவும் வேண்டுமோ?

நகரை விட்டு நாட்டுப்புறம் செல்வோம். கவிதை பாடத் தூண்டும் அந்த உயிர்வேலிகள் தாமே முளைத்தவையல்ல. ஊர்ப் பொதுவாகக் கிடந்த மேய்ச்சல் நிலத்தையும் திறந்த வயலையும் தனியார் உடைமையாக்க 1604 முதல் 1914 வரை பாராளுமன்றம் 5,200-க்கு மேற்பட்ட சட்டங்களை நிறைவேற்றியது. வளைக்கப்பட்டது ஏறத்தாழ 68 இலட்சம் ஏக்கர், இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு! பசுவை மேய்த்தவன், சுள்ளி பொறுக்கியவன், குடிசை போட்டவன் வேலிக்கு வெளியே நின்றான். அவர்களில் பலரைப் பஞ்சாலைகளும் சுரங்கங்களும் விழுங்கின.

டார்செட் மாவட்டத்தில் மில்டன் ஆபஸ் என்றொரு சிற்றூர். வெள்ளையடித்த சுவர், கூரை வேய்ந்த வீடுகள், தெருவின் இருமருங்கும் ஒரே அளவாய் அணிவகுத்து நிற்கும். படம் எடுக்காமல் எவரும் திரும்புவதில்லை. அந்த ஊர் பிறந்த கதை என்ன? 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மில்டன் பிரபு என்பவரின் மாளிகைக்கருகே ஒரு பழைய ஊர் இருந்தது. அது பிரபுவின் கண்ணுக்கு உறுத்தலாயிருந்தது. ஊரையே இடித்தார், பார்வைக்கு மறைவான பள்ளத்தில் புது வீடுகள் கட்டி, மக்களை அங்கே தள்ளினார். அதைத்தான் அழகு அழகு என்று படமெடுக்கிறோம்!

ஊருக்கு வெளியே, கண்ணுக்கு மறைவாக — எங்கோ கேட்ட சொல்லாக இருக்கிறதா? நம் சிற்றூர் ஒவ்வொன்றிலும் ஊர் ஒருபுறம், சேரி ஒருபுறம். அங்கே பிரபுவின் கண்ணுக்கு உறுத்தல். இங்கே மேலோன் எனப்பட்டவனின் தூய்மைக்குத் தீட்டு. பிரபுவின் கண் மூடியதும் அந்த உறுத்தல் தீர்ந்தது. தீட்டுக்கோ சாவில்லை, தந்தை மகனுக்குச் சொத்தோடு சேர்த்து அதையும் எழுதி வைக்கிறான்.

1932 ஏப்ரல் 24. மான்செஸ்டர், ஷெப்பீல்டு நகரங்களின் ஆலைப்புகையிலே வாரமெல்லாம் வெந்த இளைஞர் ஏறத்தாழ நானூறு பேர், கிண்டர் ஸ்கௌட் என்னும் மேட்டுநிலத்தில் தடையை மீறி ஏறினர். டெவன்ஷயர் கோமகனின் பறவை வேட்டைக்காக மூடப்பட்டிருந்த நிலம் அது. ஆண்டில் சில நாள் அவர் விருந்தினர் சுடுவதற்காக, ஆண்டெல்லாம் ஆயிரமாயிரம் பேர் கால் வைக்கக்கூடாதாம்! தலைமை தாங்கிய பென்னி ராத்மனுக்கு வயது இருபது. ஆறு பேர் கைதாயினர். ஜூலையில் ஐவருக்குச் சிறை.

அந்த வழக்கு நிலுவையிலிருந்த ஜூன் மாதத்தில் ஈரோட்டிலிருந்து சென்ற ஒருவர் இங்கிலாந்தில் இருந்தார். பெரியார்! அவர் எங்கே நின்றார்? கிண்டர் மேட்டுக்கு அதிகத் தொலைவில்லாத மெக்ஸ்பரோ ஊரில், நிலக்கரித் தொழிலாளர் கூட்டத்தில் நின்றார். தொழிற்கட்சி பேசுவதையும், அது ஆட்சியிலிருந்தபோது இந்தியத் தொழிலாளிக்குச் செய்ததையும் ஒப்பிட்டு, அந்தக் கட்சித் தலைவர்களை வைத்துக்கொண்டே கண்டித்தார். 1924-இல் வைக்கத்தில், கோயிலைச் சுற்றிய தெருவில் மனிதன் நடக்கும் உரிமைக்காக இருமுறை சிறை கண்டவர் அவர். கிண்டர் வழக்கு அவர் காதில் விழுந்ததா என்பதல்ல நம் கேள்வி. காட்சி காணச் சென்றவர் காட்சியைச் சுமப்பவர்களைத் தேடிப்போனாரே, அதுவே நம் கவனத்தை ஈர்க்கிறது.

"ரோசா மலரைக் கண்டால் முகர வேண்டும், வேரில் போட்ட எருவைக் கிளறுவானேன்?" என்று ஒரு நண்பர் நம்மிடம் வாதாடினார். நல்ல வாதம்தான், எரு மனிதனாக இல்லாத வரையில்! ஆனால், அவர் வாதத்தில் ஓர் உண்மையும் ஒளிந்திருக்கிறது. கொடுமையில் பிறந்தது என்பதற்காக அழகை வெறுத்து ஒதுக்குவது அறிவாகாது. ராத்மனும் தோழர்களும் அந்த மேட்டை வெறுத்தார்களா? உயிராய் நேசித்தார்கள், ஆகவேதான் சிறை சென்றார்கள். கோமகனும் அதே நிலத்தை நேசித்தார். ஒருவர் நேசம் காவற்காரனை நிறுத்தியது. மற்றவர் நேசம் கதவைத் திறக்கச் சொன்னது. 1949-இல் நாட்டுப்புறத்துள் செல்லும் உரிமைக்குச் சட்டம் வந்தது. 1951-இல் அந்த வட்டாரமே முதல் தேசியப் பூங்காவானது. 2000-இல் உரிமை மேலும் விரிந்தது. 2002-இல் அப்போதைய கோமகன் அந்த மேட்டருகே நின்று, தம் பாட்டனார் செயலுக்கு மன்னிப்புக் கேட்டார். இன்று நம் பயணி அங்கே உல்லாசமாக நடக்கிறார். ஐவர் சிறையிலிருந்து வாங்கிக் கொடுத்த நடை அது.

இதே கண்ணோடு எங்கள் ஊருக்கு வாருங்கள். திருபுவனைக் கோயில் சோழர் காலக் கற்றளி. சிற்பம் கண்டு வியப்போர் வெளியூரிலிருந்தும் வருகின்றனர். அங்குள்ள 1048-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, 260 மாணவரும் 12 ஆசிரியரும் கொண்ட கல்லூரி ஒன்று இங்கே இருந்ததைக் கூறுகிறது. ஆயிரமாண்டுக்கு முன்னரே கல்லூரி! தமிழன் நெஞ்சு நிமிராதா? நிமிரட்டும். பாடத்திட்டத்தையும் படிக்கட்டும்: வேதங்கள், வேதாந்தம், இலக்கணம், மனு சாத்திரம். அதைப் படிக்கும் உரிமை யாருக்கு, அதற்கு நெல் அளந்த உழவன் மகனுக்கு அந்த 260 இடத்தில் ஒன்றேனும் உண்டா? மனுவைப் பாடமாக வைத்த பள்ளியில் இதற்கு விடை தேட வேண்டியதில்லை. ஆக்ஸ்போர்டு பல்கலைக் கழகமும் பல நூற்றாண்டு மதக் கோட்டையாகத்தான் இருந்தது. நாத்திகத்தின் தேவை பற்றித் துண்டு நூல் வெளியிட்டதற்காக 1811-இல் கவிஞன் ஷெல்லியை வெளியேற்றியது. ஆனால், வெளியேற்றிய அதே கல்லூரி இன்று அவனுக்குப் பளிங்குச் சிலை வைத்துக் காட்டுகிறது. நம் கோயில்களில், வெளியே நிறுத்தப்பட்டவனுக்கு எங்கே சிலை?

இங்கிலாந்து புறப்படும் தோழர்களிடம் ஒன்று கேட்கிறோம். அரண்மனை வாயிலில் காவலர் மாறுவதைப் பாருங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. கையோடு பிராட்விக் தெருப் பம்பையும், ஆக்ஸ்போர்டில் ஷெல்லியையும், கிண்டர் மேட்டின் அடிவாரத்தில் அந்த நடைப்போருக்காகப் பதித்த பலகையையும் பார்த்து வாருங்கள். திரும்பியதும் எங்கள் பள்ளிக்கு வாருங்கள். தம் ஊரின் சுடுகாட்டுப் பாதையில் இன்னார் நடக்கலாம், இன்னார் நடக்கலாகாது என்று கேட்டு வளரும் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். கிண்டர் மேட்டில் ஏறிய அந்த நானூறு பேரின் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள்.