சுமையும் ஓய்வும்

இலங்கையின் அப்புத்தளை அருகே தம்பத்தென்னை மலைகளில் தேயிலைக் கொழுந்து எடுக்கும் பெண்ணின் முதுகில் காலையில் வெறுங்கூடை. நிறுவைக்கு வரும்போது அதில் பல கிலோ பாரம். கூடைக் கயிறு உச்சந்தலையில் பதிய, கழுத்து முன்னே வளைய, அதே சரிவில் அதே நடை. ஆண்டுக்கணக்காகச் சுமந்தும் அந்தப் பாரம் உடலை வளர்ப்பதில்லை, தேய்க்கிறது.

பளுதூக்கும் வீரருக்கும் சுமைதான் வாழ்க்கை. வேலூரின் சதீஷ் சிவலிங்கம் 2014இல் கிளாஸ்கோ பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில் இரு வகைத் தூக்கல்களில் 149, 179 என மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2018இல் கோல்ட் கோஸ்டிலும் தங்கம் அவருக்கே. அத்தனை எடையை நாள்தோறும் தூக்கி யாரும் அந்த மேடையை எட்டுவதில்லை. கடும் பயிற்சி ஒரு நாள், இலகுவானது மறுநாள். தொடைக்கு ஒரு முறை, தோளுக்கு ஒரு முறை.

பழகிய சுமைக்கு உடல் புதிதாக எதையும் கட்டுவதில்லை. சுமை கூடும்போதும் முறை மாறும்போதும்தான் தசை விழித்துக்கொள்கிறது. அது வலுப்பெறுவதோ தூக்கும் நேரத்தில் அல்ல, உறக்கத்திலும் ஓய்விலும். பருப்பும் முட்டையும் அதற்குத் துணை.

மூட்டில் குத்தும் வலியை வீரமென்று எண்ணித் தாங்குவது காயத்தில்தான் முடியும்.

அப்புத்தளையில் இரும்பு தூக்கும் இளைஞர்கள் வாரத்தில் ஒரு நாள் அதைக் கீழே வைத்துவிட்டு லிப்டன் சீட் மலையுச்சி வரை ஏறிப் பார்க்கட்டும். மலையிலிருந்து திரும்பும் அம்மாவுக்கும் ஓய்வு வேண்டும். அன்று வீட்டுக்கான தண்ணீரையும் விறகையும் அந்த இளைஞர்களே சுமக்கட்டும்.