காயத்துக்குக் கடன்பட்டவர் யார்?

ஒருவன் மற்றவனை அடித்துக் காயப்படுத்தினால், காயப்பட்டவன் வேலைக்குப் போகாதிருந்த நாட்களுக்கு ஈடு கொடுத்து, வைத்தியச் செலவையும் ஏற்க வேண்டுமென்று யாத்திராகமம் விதிக்கின்றது. அடித்தவன் கொடுக்க வேண்டும். இதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் நன்மை செய்யப் போன கையினாலேயே காயம் நேர்ந்தால், ஈடு கொடுக்கக் கடமைப்பட்டவர் யார்?

வாசகர்களே, இது வெறும் கற்பனைக் கேள்வியன்று. இன்புளுவென்சாக் காய்ச்சலுக்கான தடுப்பூசி மேற்கையின் தசையிலே போடப்படுகின்றது. ஊசி சற்று உயரத்திலே குத்தப்பட்டால், மருந்து தசையிற் சேராமல் தோள்மூட்டுப் பக்கம் இறங்கி, அங்கே வீக்கத்தையும் வலியையும் உண்டாக்கக்கூடும். இப்படி நேர்வது அரிது. நேர்ந்துவிட்டாலோ, தலைவாரக்கூடக் கையை உயர்த்த முடியாமல் மாதக்கணக்கில் வருந்துவோர் உண்டு.

அமெரிக்காவில் இதற்கு ஒரு வழி வகுத்திருக்கிறார்கள். 1980ஆம் ஆண்டுகளில் அங்கே தடுப்பூசி வழக்குகள் பெருகியதால், கம்பனிகள் சில மருந்து தயாரிப்பதையே கைவிட்டன. பிள்ளைகளுக்கு ஊசி கிடையாமற் போகுமோ என்ற அச்சம் எழுந்தது. ஆகவே 1986இல் ஒரு சட்டம் இயற்றி, ஊசிமருந்தின் மீது விதிக்கும் சிறு வரியினால் ஒரு பொது நிதியை உண்டாக்கினர். இன்புளுவென்சா ஊசி ஒன்றுக்கு அவ்வரி 75 சதம். காயப்பட்டவர் தாதியின் குற்றத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. முன்னர் அத்தோளில் நோயில்லை, 48 மணி நேரத்துள் வலி தொடங்கிற்று, ஆறு மாதங்களுக்கு மேலாகியும் துன்பம் தீரவில்லை என்பவற்றை மன்றிலே காட்ட வேண்டும். தோட்காயம் 2017இல் இச்சட்டத்தின் அட்டவணையிற் சேர்க்கப்பட்டது.

ஆயினும் ஒரு வாதம் எழுந்தது. இது மருந்தினால் வந்த கேடன்று, ஊசி போட்ட முறையினால் வந்த கேடு. ஆகவே பொது நிதி ஏன் கொடுக்க வேண்டும் என்றனர். 2021 சனவரியில் அட்டவணையிலிருந்து இதை நீக்க ஒரு விதி பிறப்பிக்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் அவ்விதி கைவிடப்பட்டது.

அவ்வாதத்திலே நியாயம் இல்லாமலில்லை. எவரையும் குற்றஞ்சாட்டாவிட்டால் கவனக்குறைவு வளராதா? வளரக்கூடும். ஆதலால் ஊசி போடுவோரைப் பயிற்றுவதும் திருத்துவதும் அவசியம். ஆனால் அது முடியும்வரை காயப்பட்டவர் காத்திருக்க வேண்டுமா? ஆண்டவர் கூறிய உவமையிலே, அடித்தவர்கள் கள்வர்கள். சத்திரக்காரனிடம் இரண்டு காசு கொடுத்தவரோ சமாரியர். கள்வர் அகப்படட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை.

நமது கடனோ சமாரியரின் கடனிலும் பெரியது. அவர் அந்த வழிப்போக்கனால் ஒரு பயனும் பெறவில்லை. தடுப்பூசி போட்டுக்கொள்பவரோ தம்மை மாத்திரமல்ல, அயல்வீட்டு முதியவரையும் தொட்டிற் பிள்ளையையும் காக்க உதவுகிறார். எல்லோருக்குமான நன்மையின் பாதையிலே ஒருவர் காயப்பட்டால், அந்தச் சுமையை எல்லோரும் பகிர்வது தருமமன்று, நீதி. நீதியாற் கொடுக்க வேண்டியதைத் தருமமாகக் காட்டலாகாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கமும் போதித்திருக்கின்றது.

நீதி இருபக்கமும் பார்க்கும். இல்லாத வலியைச் சொல்லிப் பொது நிதியிலே பணம் பெறுவது ஏழாம் கற்பனைக்கு விரோதமான களவு. அரிதாக நேரும் காயத்துக்கு அஞ்சி ஊசியையே மறுப்பதும் விவேகமன்று.

ஒரு சரீரத்தின் அவயவங்கள் நாம் என்று புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதினார். அதை நம்புகிறோமா என்பது சிறு காரியங்களிலே தெரிந்துவிடும். கோவில் வளவுச் சிரமதானத்திலே ஒருவர் விழுந்து கையை முறித்துக்கொண்டால், “பார்த்து ஏறியிருக்கலாமே” என்கிறோமா? அல்லது அவர் வீட்டில் அன்று அடுப்பு எரிந்ததா என்று பார்க்கிறோமா? எது நமது முதற் கேள்வி?