காலிப் பட்டியல்

பைத்தானில் ஒரு பட்டியலைக் காலி செய்ய இரண்டு வழி உண்டு. ஒன்று, அந்தப் பெயருக்குப் புதிதாக ஒரு காலிப் பட்டியலைக் கொடுத்துவிடுவது. இன்னொன்று, 2012இல் பைத்தான் 3.3 பதிப்போடு வந்த ‘கிளியர்’. பார்க்க ரெண்டும் ஒன்னுதான். ஆனால் முதலாவது, பழைய வீட்டை அப்படியே விட்டுவிட்டு நாம் மட்டும் புது வீட்டுக்குப் போவது மாதிரி. இரண்டாவது, அதே வீட்டின் சாமான்களை வெளியே எடுத்துவிடுவது. சாவி வைத்திருக்கும் எல்லாருக்கும் வீடு காலி.

இதை நான் ஒரு நேப்பாளத் தொழிலாளியிடம்தான் கற்றுக்கொண்டேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். ஒரு தொழிற்சாலையின் ஓ.டி. கணக்கு நிரலை என்னிடம் கொடுத்திருந்தார்கள். ஓ.டி. நேரங்களைப் பட்டியலில் சேர்த்து, நள்ளிரவில் சம்பளப் பகுதியிடம் கொடுத்துவிட்டு, மறுநாளுக்குப் புதுப் பட்டியல் தொடங்கும். ‘இன்னும் அழகா இருக்கட்டுமே’ என்று நான்தான் அதைக் கிளியருக்கு மாற்றினேன். நகல் எடுக்கச் சொல்லாதவரை பட்டியல் ஒன்றுதான், பிடித்திருக்கும் கைகள்தான் இரண்டு என்பது அப்போது உறைக்கவில்லை. சம்பளப் பகுதி விடியற்காலையில் கணக்குப் பார்த்தபோது உள்ளே ஒன்றுமில்லை. பிழைச்செய்தியும் வரவில்லை. காலிப் பட்டியலைக் கூட்டினால் சைபர். கணினிக்குச் சைபரும் சரியான விடைதான்.

சம்பளம் போட்ட மறுநாள் அவர் வந்தார். “பாங், ஓ.டி. தாக் அடா.” கையில் சின்ன நோட்டுப் புத்தகம். தேதி, நேரம் எல்லாம் பேனாவால் எழுதியிருந்தது. நான் “சிஸ்டம் ப்ராப்ளம்” என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

ஒரே வரியில் திருத்தினேன். அடுத்த மாதம் பாக்கிப் பணமும் வந்தது. ஆனால் ஒரு கேள்வி போகவில்லை: என்னால் காலி செய்ய முடிகிறது என்பதாலேயே அது என் பட்டியலா?

எஸ்டேட்டை விற்ற கதையைப் பாட்டி ஒரே வரியில் சொல்வார்: “செக்ரோல்ல பேர வெட்டிட்டாங்க.” வெட்டியவருக்கு அது ஒரு கணக்குப் புத்தகம். பாட்டிக்கு அந்தப் பேரோடுதான் குடியிருந்த வீடும் இருந்தது. பழைய சம்பளச் சீட்டுகளை மைலோ டின்னில் கடைசிவரை வைத்திருந்தார்.

பைத்தானில் ஒரு பொருளை ஒரு கையாவது பிடித்திருக்கும்வரை அது அழியாது. டின்னும் நோட்டுப் புத்தகமும் அப்படிப்பட்ட கைகள். ஆனால் தன் உழைப்புக்குத் தானே சாட்சி வைத்துக்கொள்ளும் நிலை, பட்டியலைக் கையில் வைத்திருப்பவருக்கு வருவதே இல்லை.

அழிப்பதே தப்பு என்று சொல்ல வரவில்லை. தேவை முடிந்த பிறகும் ஒருவரின் விவரங்களை வைத்திருக்கக் கூடாது என்கிறது நம் நாட்டின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அது நியாயம்தான். ஆனால் தேவை முடிந்துவிட்டது என்று யார் சொல்வது? பட்டியலில் பேர் இருப்பவரையும் கேட்க வேண்டாமா?

இப்போதெல்லாம் கிளியர் என்று தட்டுவதற்கு முன், இந்தப் பட்டியலை வேறு யார் பிடித்திருக்கிறார்கள் என்று தேடிப் பார்க்கிறேன். நிரலுக்குள் தேடுவது சுலபம். அந்த ‘சிஸ்டம்’ நான்தான் என்று சொல்ல அவரைத் தேடிப் போனபோது, ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள்.