கெடுதி வினாதல்

அண்ணன் மகள் பென்சில்வேனியாவிலிருந்து ஒரு படம் அனுப்பியிருந்தாள். உதிர்ந்த இலைகளின் மேல் ஒரு மான் கிடக்கிறது. அதன் கொம்பைப் பிடித்துத் தலையைத் தூக்கியபடி இவள் மண்டியிட்டிருக்கிறாள். தோளில் வில். "நானே அம்பு விட்டேனுங்க அத்தை. குழுவுல நான் ஒருத்திதான் பொண்ணு" என்று குரல் பதிவும் வந்தது. வெள்ளகோவிலில் தறி ஓட்டும் வீட்டில் பிறந்தவள். பள்ளிக்கூடம் விட்டால் நேரே வீடு என்று வளர்க்கப்பட்டவள். அவளை வாழ்த்தத்தான் நினைத்தேன். படத்தைப் பார்த்தால் வார்த்தை வரவில்லை. மூன்று நாள் பதில் போடாமல் இருந்தேன்.

அங்கே இது சட்டத்துக்கு உட்பட்ட பொழுதுபோக்கு. பணம் கட்டினால் வழிகாட்டி ஒருவர் காட்டுக்குக் கூட்டிப்போகிறார். மானின் தடம், காற்றின் திசை, மரத்தில் கட்டிய பரண் எல்லாம் அவர் பொறுப்பு. வில்லுக்கு ஒரு பருவம். குழல்வாய் வழியாகக் கரிமருந்து இட்டுக் கெட்டிக்கும் பழைய துப்பாக்கிக்கு இன்னொரு பருவம். நம்மூரில் அதற்கு நாட்டுத் துப்பாக்கி என்று பேர். அதை எடுத்துக்கொண்டு மானைத் தேடிப் போனவர் பிடிபட்டால் வழக்கும் சிறையும்தான். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கட்டுப்படுத்தியது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் உரிமச் சீட்டு வாங்கி வேட்டையாடும் வழியையும் அடைத்தது.

தொலைவிலிருந்தே சுடும் நவீனத் துப்பாக்கி இருக்க, வில் எதற்கு? கேட்டேன். "மானுக்கும் ஒரு வாய்ப்புக் கொடுக்கணுமில்லைங்க அத்தை" என்றாள். இதை அவர்கள் நியாயமான வேட்டை என்கிறார்கள். ஒரு வருடம் பயிற்சி எடுத்த பிறகே போனாள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் அந்த நியாயம் எனக்குப் பிடிபடவில்லை. சடுகுடுவில் இரண்டு பக்கமும் விதிக்கு ஒப்புக்கொண்டுதான் கோட்டில் நிற்கிறார்கள். மான் எதற்கும் ஒப்புக்கொள்ளவில்லை. குறி முழுதாகத் தப்பினால் இவளுக்கு ஒரு மாலைப்பொழுது நட்டம். குறி நான்கு விரற்கடை விலகினால் மான் அம்போடு நடக்கிறது. ஓநாய்கள் அழிந்த காடுகளில் மான் பெருகி இளங்கன்றுகளை மேய்ந்துவிடுகிறது, குறைக்கத்தான் வேண்டும் என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் தேவைக்காகக் கொல்வதென்றால், சீக்கிரம் உயிர் போக்கும் ஆயுதம்தானே நியாயம்? கடினமான ஆயுதத்தைத் தேர்ந்தெடுப்பது வேட்டையாடுபவரின் சுகம். அதற்கான விலையில் ஒரு பங்கை மான் கொடுக்கிறது.

அந்த வில் வந்த வழியும் கேட்கத் தகுந்தது. கலிபோர்னியாவில் யாஹி இனத்தாரைக் குடியேறிகள் கொன்றழித்தார்கள். மிஞ்சிய ஒருவர் 1911இல் காட்டிலிருந்து வெளியே வந்தார். இஷி என்று அழைத்தார்கள். சான் பிரான்சிஸ்கோ அருங்காட்சியகத்தில் தங்கவைக்கப்பட்ட அவரிடம் சாக்ஸ்டன் போப் என்ற மருத்துவர் வில்வித்தை கற்றார். 1916இல் இஷி காசநோயில் இறந்தார். 1923இல் போப் வில்வேட்டையைப் பற்றிப் புத்தகம் எழுதினார். இன்றைய அமெரிக்க வில்வேட்டைக்காரர்கள் போப்பைத் தங்கள் முன்னோடிகளில் ஒருவராகக் கொண்டாடுகிறார்கள்.

நம் நீலகிரியிலும் கதை வேறில்லை. 1879இல் அங்கே வேட்டை விலங்குகளுக்கென்று ஒரு சட்டம் வந்தது. சீட்டு வாங்கிய துரைக்கு வேட்டை விளையாட்டு. சீட்டில்லாமல் இறங்கிய மலைவாசிக்கு அது குற்றம். தடம் பார்த்துச் சொல்ல மட்டும் இருளரும் குறும்பரும் துரைகளுக்குத் தேவைப்பட்டார்கள்.

"பொண்ணுகளும் வேட்டையாடியிருக்காங்க அத்தை" என்று அவள் ஒரு செய்தியையும் அனுப்பியிருந்தாள். உண்மைதான். பெரு நாட்டு மலைப்பகுதியில் ஈட்டிமுனைகளோடு புதைக்கப்பட்டிருந்தவர் ஒரு பெண் என்று 2020இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். சுமார் 9,000 ஆண்டுப் பழமை. ஆண் வேட்டைக்காரன், பெண் கிழங்கு பொறுக்குபவள் என்ற பாடப்புத்தகக் கதை அதில் ஆட்டம் கண்டது. எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் 1900இல் இசபெல் சேவரி என்ற ஆங்கிலப் பெண் தன் இந்திய வேட்டை அனுபவங்களைப் புத்தகமாக்கினார். பெண்ணாலும் முடியும் என்று அவரும் காட்டினார். விலங்கைக் கலைத்துவிடப் புதருக்குள் இறங்கிய கூலிகளின் நிலை அதனால் மாறவில்லை. துரையின் இடத்தில் துரைசாணி நின்றார், அவ்வளவுதான்.

கொல்லாதே என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பு சாப்பிடுகிறவள் நான். எங்கள் வீட்டில் கிடா வெட்டினால் கத்தி ஆண்கள் கையில். குடல் கழுவுவதும் தலை வாட்டுவதும் வாசல் அலசுவதும் பெண்கள் வேலை. அந்தக் கத்தி நமக்கும் வேண்டும் என்று என் அண்ணன் மகள் நினைத்ததில் தவறு காண மாட்டேன். கத்தி வந்த பிறகு குடலை யார் கழுவுவது என்பதுதான் என் கேள்வி.

அகப்பொருளில் 'கெடுதி வினாதல்' என்று ஒன்று உண்டு. கெடுதி என்றால் தொலைந்த பொருள். தினைப்புனம் காக்கும் பெண்ணிடம் வரும் தலைவன், தன் அம்பு பட்டுத் தப்பிய யானையோ மானோ இவ்வழி வந்ததா என்று கேட்பான். அவன் தேடுவது விலங்கை இல்லை என்று அவளுக்கும் தோழிக்கும் தெரியும். பதினெட்டு ஆண்டாக இதை வகுப்பில் சிரித்துக்கொண்டே நடத்தியிருக்கிறேன். அந்த மான் என்ன ஆயிற்று என்று நானும் கேட்டதில்லை, எந்த மாணவியும் கேட்டதில்லை. தினைப்புனத்துப் பெண்ணின் கையிலும் கருவிகள் உண்டு. தட்டை, தழல், குளிர்: ஓசையெழுப்பிக் கிளியை விரட்டுபவை. அவளுக்குப் பயிரைக் காக்க வேண்டும். கிளி பறந்து போனால் போதும்.

தலைவன் சாக்குக்காகக் கேட்ட கேள்வியை உண்மையாகக் கேட்டால் அதில் ஓர் அறம் இருக்கிறது. அம்பு விட்டவர் அந்த உயிரைத் தேடிப் போக வேண்டும், அது கிடந்த இடத்தில் தானே போய் நிற்க வேண்டும். கூலி கொடுத்து அந்த நடையை இன்னொருவர் காலுக்கு மாற்றிவிட்டால், பெண் கையில் வில் வந்து என்ன?

நான்காம் நாள் அவளிடம் கேட்டேன்: "அம்பு பட்டு எவ்வளவு தூரம் போச்சு கண்ணு? யார் தேடிப் போனது?"

இரவு பதில் வந்தது. "ஓடை வரைக்கும் போயிருச்சுங்க அத்தை. வழிகாட்டிதான் ரத்தம் பார்த்துப் போனாரு. என்னைப் பரண்லயே இருக்கச் சொல்லிட்டாரு. படம் எடுக்கத்தான் கூப்பிட்டாங்க." சற்றுப் பொறுத்து இன்னொன்று: "உயிரோட இருந்துச்சான்னு நான் கேட்கவே இல்லைங்க."