வெண்மை மங்கலமோ? அமங்கலமோ?

பொருள்களுக்கு நிறம் உண்டென்பது கண்ணுடையார் யாவர்க்கும் உடன்பாடு. அந்நிறத்துக்குப் பொருள் உண்டோ வென்பதே ஆராயற்பாலது. சிவப்பு மங்கலம், கறுப்பு அமங்கலம், வெள்ளை தூய்மை என்றிவ்வாறு நம்மவர் பலரும் ஐயமின்றிக் கூறுகின்றனர். இப்பொருள் நிறத்தின்கண் இயல்பாகவே அமைந்ததோ? அன்றி மக்களால் இடப்பட்டதோ? மக்களால் இடப்பட்டதாயின், அதற்கு நாம் எம்மட்டுக் கட்டுப்பட்டவர்? ஒரு நிறத்தைக் காரணமாகக் கொண்டு ஒருவரை முன்னே அழைத்தலும் மற்றொருவரைப் பின்னே நிறுத்தலும் நம்மிடையே இன்னும் நிகழ்தலால், இவ்வினா வீண் விநோதத்தின்பாற் படுவதன்று. நிறங்களெல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளின் விரியுமாதலின், வெண்மை யொன்றையே ஈண்டு ஆராய்வாம்.

நம் ஈழநாட்டிலே காலைப்பொழுதில் வீதிகளை நோக்குவோர், வெள்ளைச் சீருடை யணிந்து பாடசாலைக்குச் செல்லும் பிள்ளைகளைக் காண்பர். அவ்வீதியிலேயே ஒரு மரணவீடு உண்டாயின், ஆங்குச் செல்வோர் பலர் வெள்ளையே உடுத்துச் செல்வதையுங் காண்பர். சிங்கள ஊர்களிலே இறந்தவர் வீட்டுக்குச் செல்லும் வழியில் வெள்ளைக்கொடிகள் கட்டப்படுகின்றன. போயா தினத்திலே சீலம் அனுட்டிக்கும் பௌத்தர் உடுப்பதும் வெள்ளையே. நாமோ கலைமகளை வெள்ளாடை யுடுத்து வெண்டாமரையில் வீற்றிருப்பவளாகத் தியானிக்கின்றோம். நெற்றியிலே வெண்ணீறு தரிக்கின்றோம். கணவனை இழந்தவளுக்கு நம் சமூகம் விதித்த சேலையும் அவ்வெள்ளையே. இங்ஙனம் கல்வி, துக்கம், நோன்பு, தெய்வத்தன்மை, கைம்மை என்னும் ஐந்தையும் ஒரு நிறமே உணர்த்தி நிற்றலை நாடோறும் கண்டும், அஃதெங்ஙனமென்று நாம் வினாவுகின்றிலேம்.

பிற தேசத்தார் வழக்கை நோக்கினும் இதுவே காண்கின்றோம். சீனத்திலும் கொரியாவிலும் தொன்றுதொட்டுத் துக்கங் காப்போர் சாயமேற்றாத முரட்டுச் சணலாடையை உடுத்தனர். ஆங்கே வெண்மையாவது சாயமின்மை. அலங்காரத்தை விட்டொழித்தமைக்கு அடையாளம். இனி, இங்கிலாந்திலே 1840ஆம் ஆண்டு விக்டோரியா அரசியார் தமது திருமணத்தில் வெள்ளைப் பட்டாடை அணிந்தனர். அதற்கு முன்னர் மணமகளிர் தத்தமக்கு இயைந்த பல நிறத்து நல்லாடைகளை அணிதலே பெரும்பான்மை வழக்கு. அரசியாரைப் பிறரும் பின்பற்றத் தொடங்கவே, வெண்மை மேனாட்டிலே மணமகளின் நிறமாக வேரூன்றிற்று. எளிதில் அழுக்கேறும் வெள்ளைப் பட்டைப் பேணுதல் அக்காலத்திலே செல்வர்க்கே இயல்வதாயிருந்தது. ஆகவே, ஓரிடத்தில் வெண்மை துறவினின்றும், மற்றோரிடத்தில் செல்வத்தினின்றும் தன் பொருளைப் பெற்றதென்க.

அவ்வரசியார் 1861ஆம் ஆண்டிலே கணவரை இழந்தபின் ஏறக்குறைய 40 ஆண்டுகள் கறுப்பாடையே அணிந்திருந்தனர். 1901ஆம் ஆண்டிலே அவர் இறந்தபோது, அவர் விருப்பப்படியே அவருடலை வெள்ளாடையாலும் தமது மணநாளில் அணிந்த முகத்திரையாலும் அலங்கரித்துப் பேழையில் வைத்தனர். மணத்துக்குரிய வெண்மையே மரணத்துக்கும் உரியதாயிற்று.

மேனாட்டிலே துக்கத்துக்குக் கறுப்பே உரியதென்பதும் முழுதுண்மை யன்று. பிரான்சு தேசத்து அரசிகள் முற்காலத்திலே வெள்ளாடை யுடுத்துத் துக்கங் காத்தனர். 1938ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் தேவியாராகிய எலிசபெத் அரசியார் பாரிசு நகருக்கு அரசமுறையிற் சென்றனர். அதற்கு முந்திய மாதத்தில் அவர் தாயார் இறந்தனர். கொண்டாட்டத்துக்குச் செல்பவர் கறுப்பணிதல் பொருந்தாது. தாயை இழந்தவர் பல நிறமணிதலும் பொருந்தாது. ஆடையமைப்பாளராகிய நோர்மன் ஹார்ட்னெல் என்பவர், அரசர் குடும்பத்தார்க்கு வெண்மையும் துக்கநிறமாதல் உண்டென்பதை எடுத்துக்கொண்டு, ஆடைகளனைத்தையும் வெண்மையாகவே அமைத்தளித்தனர். அவ்வாடை துயரையும் காத்தது, விருந்தையும் சிறப்பித்தது.

இவற்றாற் பெறப்படுவது யாது? நம் இலக்கண நூலார் பெயர்களை இடுகுறியென்றும் காரணமென்றும் பகுத்து, காரணவிடுகுறி யென ஒன்றும் கூறுவர். முள்ளுடைய செடிகள் பலவாகவும், முள்ளி யென்பது அவற்றுள் ஒன்றற்கே பெயராயிற்று. ஆண்டுக் காரணமும் உண்டு. அக்காரணத்தை ஒன்றன்மேல் நிறுத்திய மக்கள் வழக்கும் உண்டு. நிறத்தின் பொருளும் இத்தன்மைத்தே. சாயமின்மை, தூய்மை, ஒளி, சாம்பர், முதுமையின் நரை என வெண்மையோடு இயைபுடைய காரணங்கள் பல. அவற்றுள் எதனைத் தெரிந்தெடுத்து எங்கே நிறுத்துவதென்பதை அவ்வச் சமூகத்தார் வழக்கே துணிகின்றது. ஆதலின் மங்கலமும் அமங்கலமும் வெண்மையின்கண் இல்லை. அதனை இன்னதென வழங்குவார்கண்ணே உள்ளன.

அற்றாயின், நிறத்துக்கு இயல்பாய பொருளில்லையாதலின் எவரும் எதனையும் எவ்விடத்தும் அணியலாமன்றோ வெனின், அன்று. சொல்லின் ஓசைக்கும் இயல்பாய பொருள் இல்லை. ஆயினும் வசைச்சொல் கேட்டார் நெஞ்சு புண்படுகின்றது. வழக்கால் வந்த பொருளும் பொருளே யாம். சீனர் மணவீட்டிலே பணத்தைச் சிவப்புறையிலிட்டுக் கொடுப்பர். மரணவீட்டுக்கே வெள்ளுறை உரியது. இஃதறியாது மணமக்களுக்கு வெள்ளுறை நீட்டுவோன் தீங்கு நினைந்திலனாயினும், அவர் மனத்தை வருத்துகின்றான். ஆதலாற் கொடி, ஆடை, அழைப்பிதழ், அறிவித்தற்பலகை முதலியவற்றை நிறந்தீட்டி அமைப்போர், தம் கண்ணுக்கு அழகாயிருத்தல் ஒன்றையே நோக்காது, காண்போர் அதனை எங்ஙனம் உணர்வாரென்பதையும் நோக்குதல் கடனாம்.

வழக்கு இங்ஙனம் மதிக்கத்தக்கதாயின், அதனை மாற்றலாகாதோ? முன்னோர் விதித்தவற்றை மாற்றின் ஒழுங்கு கெடாதோ வெனின், இதற்குப் புகையிரதப் பாதையினின்றும் ஒருதாரணம் காட்டுவாம். 19ஆம் நூற்றாண்டிலே இங்கிலாந்துப் புகையிரதப் பாதைகளில் இரவில் ஏற்றும் அடையாள விளக்குகளுள் சிவப்பு நிற்றலையும், பச்சை எச்சரிக்கையையும், வெள்ளை தடையின்மையையும் உணர்த்தின. அவ்வழக்கிலே கேடொன்று மறைந்திருந்தது. பாதையருகே எரியும் பிற விளக்குகளின் வெள்ளொளியைச் சாரதி வழிவிட்ட அடையாளமென மயங்குதல் கூடும். விளக்கின் சிவப்புக் கண்ணாடி உடைந்து வீழ்ந்தாலோ, நிற்கவேண்டிய இடத்திலே வெள்ளொளி தோன்றிச் செல்லென்று பணிக்கும். இதனை உணர்ந்து, அந்நூற்றாண்டின் இறுதிக் காலத்திலே வெண்மையை விலக்கிப் பச்சையையே தடையின்மைக்கு உரியதாக்கினர். பின்னர் எச்சரிக்கைக்கு மஞ்சள் வந்தது. சிவப்பின் பொருள் முன்போலவே நின்றது. கேடு விளைத்த பகுதி மாத்திரம் மாறிற்று. ஒழுங்கு கெட்டிலது, முன்னையினும் உறுதிப்பட்டது. உயிர்க்கு இடர் செய்யும் வழக்கை மாற்றுதல் வழக்கை அவமதித்தல் ஆகாதென்பது இதனால் விளங்கும்.

இனி நம் வீட்டை நோக்குவாம். 1983ஆம் ஆண்டு முதல் 2009ஆம் ஆண்டு வரை நிகழ்ந்த போரினாலே வடக்கிலும் கிழக்கிலும் பல்லாயிரம் பெண்கள் கணவரை இழந்தனர். வெள்ளைச் சேலையே உடுக்கவேண்டு மென்னுங் கட்டாயம் இன்று பல குடும்பங்களிலே தளர்ந்துவிட்டது. ஆயினும் அச்சேலை எதனைக் குறித்ததோ அவ்விலக்கு இன்னும் முற்றாக ஒழிந்திலது. மகளைப் பெற்று வளர்த்துக் கல்வி புகட்டித் தன் உழைப்பினாலே மணம் முடித்து வைக்கும் தாய், தாலி கட்டும் வேளையிலே பின்னே ஒதுங்கி நிற்கின்றாள். கூறைச்சேலைத் தட்டைத் தொட்டு ஆசி கூறப் பிறர் அழைக்கப்படுகின்றனர். கலைமகளின் வெண்மையைக் கைகூப்பித் தொழும் நாம், இத்தாயின் வெண்மையைக் கண்டு முகந்திருப்புவது எந்நியாயம்பற்றி?

கணவன்மேல் வைத்த அன்பினால் ஒருத்தி தானே வெண்மையை விரும்பி உடுப்பாளாயின், அதனைத் தடுத்தற்கு நாம் யார்? விக்டோரியா அரசியார் கறுப்பை உடுத்ததும் தம் விருப்பத்தாலன்றோ? தானே துறப்பது தவம். பிறரால் துறப்பிக்கப்படுவது தண்டம். குற்றஞ் செய்யாதார்க்குத் தண்டம் விதித்தல் எந்நூற்கும் உடன்பாடாகாது. வடநாட்டிலே விருந்தாவனத்தில் வாழும் கைம்பெண்கள் நெடுங்காலம் வெள்ளையுடுத்து வண்ணவிழாவாகிய ஹோலிக்குப் புறம்பாயிருந்தனர். 2013ஆம் ஆண்டிலே அவர் பலர் ஒருங்குகூடி வண்ணப்பொடி தூவி அவ்விழாவைக் கொண்டாடினர். அதனாலே எவர்க்கும் யாதொரு கேடும் விளைந்திலது.

ஆகவே, பிறருடைய வழக்கினுள்ளே நாம் புகும்போது அவர் நிறத்துக்கு அவர் தரும் பொருளை மதித்தல் வேண்டும். நம் வழக்கு நம்மவருள் ஒருவரை வருத்துமாயின் அதனை நாமே திருத்துதல் வேண்டும். இவ்விரண்டும் முரணாவனவல்ல, பிறர் நெஞ்சைப் புண்படுத்தலாகாதென்னும் ஓரறத்தின் இருபாலனவே. அடுத்து வரும் மணநாளிலே, கணவனை இழந்த தாயையோ தமக்கையையோ முன்னே அழைத்து, அவர் கையாலே கூறைச்சேலைத் தட்டை எடுப்பித்து, முதலாசி பெறுமாறு நம் அன்பர்களை வேண்டுகின்றோம்.