கடலடி எண்ணெயும் நியாய விலையும்

உயர்தர வகுப்பிலே ஒரு மாணவன் என்னிடம் கேட்டான்: "மன்னார்க் கடலில எண்ணெய் எடுத்தால் பெற்றோல் விலை குறையுந்தானே, சேர்?" கேட்டவன் கரையோரக் கிராமத்துப் பையன். 2022 ஆம் ஆண்டில் மண்ணெண்ணெய் கிடையாமையால் தகப்பனாரின் படகு வாரக்கணக்கிற் கரையிலே கிடந்ததைச் சிறுவனாகக் கண்டவன். ஆதலால் அதை வெறும் பொது அறிவு வினாவாகக் கொண்டு விடையளித்துவிட என்னால் இயலவில்லை. 'ஆம்' என்று சொல்லி அவனை மகிழ்விப்பது எளிது. நம் மேடைகளிற் பலரும் அதையே செய்துவருகின்றனர்.

பேசாலையில் 1970களின் நடுப்பகுதியிலே சோவியத் உதவியுடன் கிணறுகள் தோண்டப்பட்டன, எண்ணெய் அகப்படவில்லை. 2011 இல் மன்னார்ப் படுகையின் ஆழ்கடலிலே கெயர்ன் நிறுவனம் துளையிட்ட கிணறுகள் இரண்டில் இயற்கை வாயு காணப்பட்டது. (எண்ணெய் அன்று, வாயு. இவ்வேறுபாட்டை நம்மிற் பலர் மறந்துவிடுகின்றனர்.) 2014 இன் பிற்பகுதியில் உலகச் சந்தையில் எண்ணெய் விலை சரிந்தது, அடுத்த ஆண்டில் நிறுவனம் இங்கிருந்து வெளியேறிற்று. விலை குறையவேண்டும் என்பதற்காக நாம் கிணற்றை எதிர்பார்க்கின்றோம். தோண்டுபவனோ விலை உயரும் என்ற நம்பிக்கையிலேயே கடலில் இறங்குகின்றான். இவ்விரு ஆசைகளையும் ஒரே கிணறு நிறைவேற்ற மாட்டாது.

ஏராளமாக எண்ணெய் எடுக்கும் நாட்டின் நிலை என்ன? அரபு நாடுகளின் 1973 ஆம் ஆண்டுத் தடையினால் அதிர்ந்த அமெரிக்கா, 1975 இற் சட்டமியற்றி மசகெண்ணெய் ஏற்றுமதியைப் பெரும்பாலும் நிறுத்தியது. 2015 இன் இறுதியில் அத்தடையை நீக்கியது. 2018 முதல் மசகெண்ணெய் உற்பத்தியில் அதுவே உலகில் முதலிடம் வகிக்கின்றது. எனினும் 2022 யூன் மாதத்தில் அங்கே ஒரு கலன் பெற்றோலின் சராசரி விலை 5 டொலரைத் தாண்டிற்று. டெக்சாஸ் மண்ணில் ஊறிய எண்ணெயும் உலகச் சந்தை விலைக்கே டெக்சாஸ் தொழிலாளிக்கு விற்கப்பட்டது. தேசாபிமானம் மனிதருக்கு உண்டு. எண்ணெய்ப் பீப்பாவுக்கு இல்லை.

இதற்கு மாறான ஓர் அனுபவம் நம்முடையது. 1961 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தைத் தோற்றுவித்தபோது, இந்நாட்டில் ஒரு துளி எண்ணெயும் எடுக்கப்படவில்லை. ஷெல், கல்டெக்ஸ், எஸ்ஸோ என்னும் மூன்று கம்பனிகளின் பிடியில் இருந்த வியாபாரத்தினுள் அரசு நுழைந்து, சோவியத் நாட்டிலிருந்து மலிவாக எண்ணெய் வாங்கியது. 1963 இல் அமெரிக்கா தன் உதவியை நிறுத்தித் தண்டித்தது. 1965 இல் புதிய அரசாங்கம் நட்டஈட்டுக்கு உடன்பட்ட பின்னரே அது மீண்டது. மண்ணுக்குள் எண்ணெய் உண்டோ என்று அச்சட்டம் கேட்கவில்லை. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையிலுள்ள பணம் எவருக்குரியது என்று கேட்டது. கம்பனிகளின் சினத்துக்குக் காரணமும் அதுவே.

ஆயின், கூட்டுத்தாபனம் மக்களுடையதாகிவிட்டால் நியாயம் தானாகவே பிறந்துவிடும் என்று நம் மூத்த முற்போக்காளர் சிலர் நம்பியது பிழை என்றே எண்ணுகின்றேன். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே இரவில் உயர்ந்தது. உயர்த்தியது அந்நியக் கம்பனியன்று, அதே கூட்டுத்தாபனம். மலிவான மண்ணெண்ணெய் டீசலிற் கலக்கப்பட்டமையும், அரசு நட்டம் அடைந்தமையும் பொய்யல்ல. ஆனால் கலந்தவன் ஒருவனாக இருக்க, தண்டனை தோட்டத்து லயத்து விளக்குக்கும் கரையோரத்து வள்ளத்துக்கும் அல்லவா கிடைத்தது?

அந்நாட்களிலே வாராந்த ஒதுக்கீடு வந்தது: என் மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், காருக்கு 20 லீற்றர். வரிசையில் நின்று களைத்த நாங்கள் அதனை ஒழுங்கு என்று போற்றினோம், நானும் போற்றினேன். தேவையை வண்டியின் பருமனால் அளந்த அந்த அளவுகோலிலுள்ள அநீதி எனக்குப் பின்னரே உறைத்தது. எல்லோருக்கும் விலையைக் குறைப்பதும் அத்தகையதே. கூடுதலாக எரிப்பவனுக்கே அது கூடுதலாக ஈகின்றது. சமத்துவம்போலத் தோன்றுவதனால் நாம் ஏமாறுகின்றோம்.

இவற்றையெல்லாம் அம்மாணவனுக்கு இயன்றவரை எடுத்துரைத்தேன். சற்று யோசித்துவிட்டுக் கேட்டான்: "அப்ப கார்க்காரருக்கு ஒரு விலையும் எங்கட வள்ளத்துக்கு வேறொரு விலையும் வேணும் எண்டு சொல்லுறீங்களா, சேர்?" ஆம் என்றேன். "வள்ளத்துக்கு எண்டு வாங்கி லொறிக்காரனுக்கு விக்கிறவனை ஆர் பிடிக்கிறது? எங்கட ஊரிலயே அப்பிடி ஆக்கள் இருக்கினமே."

மணி அடித்தது. அவன் எழுந்து போகவில்லை.