சும்மா போய் வருவது

"எங்க போற?" என்று சங்கரன்கோவிலில் யாரும் யாரையும் கேட்கலாம். அது விசாரணை இல்லை, பழக்கம். ஆண்கள் "இந்தா வாரேன்" என்று சொல்லிவிட்டுக் கடந்துபோவார்கள். அது பதிலே இல்லை என்றாலும் அவர்களுக்கு அது போதும். அதையே ஒரு பெண் சொன்னால் "இந்தான்னா எங்க?" என்று அடுத்த கேள்வி வரும். கடைக்கு, கோயிலுக்கு, ஆஸ்பத்திரிக்கு, பிள்ளையைக் கூப்பிட என்று நான்கைந்து விடைகளை மட்டும் தெரு ஏற்றுக்கொள்ளும்.

போன ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடியும் முன்பே சைக்கிளை வாசலில் இறக்கினேன். எதிர்வீட்டுச் சித்தி கேட்டார். "கழுகுமலைக்கு" என்றேன். "என்ன விசேஷம்?" "ஒண்ணுமில்ல சித்தி. சும்மா." சித்தி என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். வீட்டில் ஏதோ சண்டை என்று அவர் முடிவுசெய்துகொண்டது தெரிந்தது.

அந்தச் 'சும்மா'வைப் பற்றித்தான் அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். சும்மா இருப்பதை ஞானத்தின் உச்சியாகப் பாடிய மரபு நம்முடையது. அதே சொல் பெண்ணிடம் வரும்போது வேறாகிவிடுகிறது. காலை நாலரை மணிக்கு எழுந்து இரவு பத்து மணிக்குப் பாத்திரம் கவிழ்க்கும் பெண்ணிடம் "என்ன வேலை பாக்கீங்க?" என்று கேட்டால், "வீட்டுல சும்மாதான் இருக்கேன்" என்கிறாள். அவள் செய்கிற வேலைக்குச் சும்மா என்று பெயர். உண்மையிலேயே சும்மா இருக்கும் நேரமோ அவளுக்குக் கிடையாது.

தூரம் இங்கே ஒரு தடையே இல்லை. எங்கள் ஊரில் ஆடித் தபசுக்குக் கொடியேறியதும் பெண்கள் ஆடிச்சுற்று சுற்றத் தொடங்குவார்கள். கோமதி அம்மன் ஒற்றைக்காலில் தவம் நிற்கிறாள், நாம் சுற்றும் வலியை அவள் வாங்கிக்கொள்வாள் என்பது நம்பிக்கை. நூற்றெட்டு, ஐந்நூற்றொன்று, ஆயிரத்தெட்டு என்று கோயிலைச் சுற்றுவார்கள். நூற்றெட்டுச் சுற்றை நேர்கோடாக நீட்டினால் கழுகுமலையைத் தொட்டுவிடலாம். அதற்கு யாரும் எதுவும் சொல்வதில்லை, நேர்த்தி என்ற காரணம் இருக்கிறது. பெண் எவ்வளவு தூரம் போகிறாள் என்பது யாருக்கும் சிக்கல் இல்லை. காரணத்தைக் கையில் வைத்திருக்கிறாளா என்பதுதான் சிக்கல்.

சைக்கிளும் நம்மிடம் காரணத்தோடுதான் வந்தது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. அப்போது அங்கே ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவுசெய்திருக்கிறார். தண்ணீர் எடுக்க, விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுபோக, குழந்தையை முன்கம்பியில் உட்காரவைத்துக்கொள்ள அது உதவியது. பிறகு அரசு பள்ளி மாணவிகளுக்கு விலையில்லா சைக்கிள் கொடுத்தது. அதுவும் நல்ல காரணம்தான், படிப்பு நிற்கக்கூடாது. இவற்றைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. நான் ஓட்டிப்போனதே என் மகளுக்குப் பள்ளியில் கொடுத்த சைக்கிள்தான்.

ஆனால் பயனுக்காகக் கொடுத்ததைப் பயன் முடிந்ததும் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். பிளஸ் டூ முடிந்ததும் அந்தச் சைக்கிள் சுவரில் சாய்ந்தது. பல வீடுகளில் அது அண்ணனுக்குப் போகும், அல்லது அப்பா வயலுக்கு ஓட்டுவார். எதற்கு ஓட்டுகிறாய் என்று அண்ணனை யாரும் கேட்பதில்லை. நம்முடைய சுதந்திரத்தை "இதனால் இன்ன நன்மை" என்று சொல்லியே வாங்கிக்கொண்டிருந்தால், நன்மை இல்லாத நாளில் அதைக் கேட்க நமக்கு வாய் இருக்காது.

காரணம் கேட்பதில் ஓர் அதிகாரம் இருக்கிறது. தென் மாவட்டங்களில் ஆதிக்கச் சாதித் தெரு வந்தால் தலித் ஆண்களே சைக்கிளைவிட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போக வேண்டியிருந்த ஊர்கள் உண்டு. இறங்கச் சொன்னவனுக்குச் சைக்கிளால் ஒரு நட்டமும் இல்லை. இந்தத் தெரு உன்னுடையது இல்லை என்பதை அவன் நினைவூட்ட வேண்டியிருந்தது. அந்த இறக்கத்தையும் பெண்ணிடம் கேட்கும் கேள்வியையும் ஒரே எடையில் வைக்க மாட்டேன். தலித் பெண்ணுக்கு இரண்டும் சேர்ந்தே வரும். ஆனால் இரண்டிலும் ஒன்று பொதுவாக இருக்கிறது. யாரை நம்பவில்லையோ அவரிடம்தான் காரணம் கேட்கிறோம்.

கழுகுமலை எங்கள் ஊருக்குக் கிழக்கே, இருபது கிலோமீட்டர் சொச்சம். போர்ச்சுகலில் பழைய ஊர்களைப் பார்த்தபடி மேட்டிலும் பள்ளத்திலும் நாள்கணக்கில் சைக்கிளில் போகிறவர்களுக்கு மலை ஏற்றம்தான் சோதனை. எங்களுக்கு அது காற்று. ஆனியில் மேற்குக் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளியது. இருபுறமும் விதைப்புக்குக் காத்திருக்கும் வெறும் கரிசல். நாற்பத்தேழு வயதில், ஒரு பையும் இல்லாமல், யாருக்காகவும் இல்லாமல் நான் போய்க்கொண்டிருந்தேன். முதல் ஐந்து கிலோமீட்டர் வரை எதையோ மறந்து வந்துவிட்டதுபோலவே இருந்தது.

கழுகுமலையில் முருகன் கோயிலுக்கு எல்லோரும் போவார்கள். பாறைக்கு மேலே ஏறினால் முடிக்கப்படாத வெட்டுவான் கோயில், பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்தது. இன்னும் தள்ளிச் சமணச் சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன. ஆயிரத்து நூறு, இருநூறு ஆண்டுகளுக்கு முந்தியவை. அவற்றின் கீழே வட்டெழுத்தில், சிற்பம் செய்வித்தவர்களின் பெயர்கள். அவர்களில் குரத்தியர் உண்டு, அதாவது பெண் ஆசிரியர்கள். ஒருவர் பெயர் திருச்சாரணத்துக் குரத்திகள். திருச்சாரணம் என்பது இன்று குமரி மாவட்டத்தில் இருக்கும் சிதறால் மலை. அவர் எப்படி வந்தார் என்று கல்வெட்டு சொல்லவில்லை. சமணத் துறவியர் வாகனம் ஏறுவதில்லை. நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள ஓர் ஊரின் பெயரைச் சுமந்த ஒரு பெண்ணின் பெயருக்கு முன்னால் நான் வியர்வையோடு நின்றேன்.

மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. பிறகு ஒரு கணக்கு தோன்றியது. அந்தப் பெண்ணுக்குச் சாலை கிடைத்தது, ஆனால் வீட்டைத் துறந்த பிறகு. ஔவை முதுமையைக் கேட்டு வாங்கினாள், காரைக்கால் அம்மையார் பேயுருவைக் கேட்டு வாங்கினார் என்று நம் கதைகள் சொல்கின்றன. அயர்லாந்தின் டெர்வ்லா மர்ஃபிக்குப் பத்தாவது பிறந்தநாளில் ஒரு சைக்கிளும் நிலப்பட நூலும் கிடைத்தன. சைக்கிளிலேயே இந்தியாவுக்குப் போவது என்று அப்போதே முடிவு செய்தார். பதினான்கு வயதில் பள்ளியை விட்டு, நோயுற்ற தாயைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருந்தார். 1962இல் தாய் இறந்தார். 1963 ஜனவரியில் அவர் புறப்பட்டார். அந்தப் பயணம் உலகத்துக்குத் தெரியும். இடையிலுள்ள இருபது வருடம்தான் எனக்கு உறுத்துகிறது.

இங்கேதான் என் 'சும்மா'வும் இடறியது. முதல்முறை போனபோது மூன்று மணிக்கே எழுந்து இட்லி அவித்து, மதியத்துக்கும் சமைத்து வைத்துவிட்டுப் போனேன். பயணத்துக்கு என் தூக்கத்தை விலையாகக் கொடுத்தேன். எதிர்க்காற்றில் மிதித்துத் திரும்பி வந்தபோது அதுவே பெருமையாக இருந்தது. இரண்டாம் முறை சமைக்காமல் போனேன். திரும்பி வந்து பார்த்தால் எழுபத்து நான்கு வயதான என் மாமியார், முழங்கால் வலியோடு, அடுப்படியில் நின்றுகொண்டிருந்தார். கணவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என் சும்மாவுக்கு அத்தை விலை கொடுத்திருக்கிறார். "ஞாயித்துக்கிழமைக்கு மட்டும் ஆள் வச்சுக்கலாமே" என்றார் கணவர். இது விசைத்தறி ஊர். வாரம் முழுக்கத் தார் சுற்றிவிட்டு வரும் ஒரு பெண்ணின் ஞாயிற்றுக்கிழமையை வாங்கி என் ஞாயிற்றுக்கிழமையை நிரப்புவதா?

அப்படியானால் வீட்டிலேயே இருந்துவிடுவதுதான் நியாயமா? சில நாள் அப்படித்தான் நினைத்தேன். பிறகு, இரண்டு கேள்விகளை நான் ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது. "எதற்குப் போகிறாய்?" என்பது ஒன்று. அதற்குப் பதில் சொல்லும் கடமை எனக்கு இல்லை, எந்தப் பெண்ணுக்கும் இல்லை. "உன் நேரம் யார் கையிலிருந்து வந்தது?" என்பது மற்றொன்று. அதற்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் அதை என்னிடம் மட்டும் கேட்பது அநியாயம். பேப்பரோடு உட்கார்ந்திருந்தவரிடம் முப்பது வருடமாக அதை யாருமே கேட்டதில்லை.

மூன்றாம் முறை அவரிடம் கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன். அந்த ஞாயிறு அவர் சமைத்தார். சாம்பாரில் உப்பு கூடிவிட்டது. அத்தை ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார், நான் செய்திருந்தால் சொல்லியிருப்பார். மாற்றம் என்று இதைக் கொண்டாட மாட்டேன். ஒரு வேளைச் சோறு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

இதைப் படிக்கும் மாணவிகளில் பலரிடம் பள்ளியில் கொடுத்த சைக்கிள் இன்னும் இருக்கும். படிப்பு முடிந்த பிறகும் அதை விட்டுக்கொடுக்காதீர்கள். எதற்கு என்று கேட்டால் சும்மா என்று சொல்லிப் பழகுங்கள். முதலில் நமக்கே கூச்சமாக இருக்கும்.

அன்று மாலை அத்தை, "மலை மேல அப்படி என்ன இருக்கு?" என்று கேட்டார். குரத்தியரைப் பற்றிச் சொன்னேன். காலை நீட்டித் தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டார். பிறகு சொன்னார்:

"கழுகுமலைக்கு எத்தனையோ தடவ போயிருக்கேன். முடியெறக்க, காதுகுத்த, கல்யாணத்துக்கு. ஒவ்வொரு தடவையும் அந்தப் பாறையில ஏறிப் பாக்கணும்னு இருக்கும். எதுக்குன்னு கேட்டா என்ன சொல்ல?"